அமெரிக்காக்காரங்க ஏன் வட்டத்துலயே சுத்துறாங்க? ஊர் ரோட்டுல ஓடுன ரேஸ்களோட கதை

ஃபார்முலா ஒன் பாக்குற பசங்ககிட்ட நாஸ்கார், இண்டியானாபோலிஸ்னு அமெரிக்க கார் ரேஸைப் பத்திப் பேச்செடுத்தா உடனே வர்ற பதில், அதெல்லாம் ஒரு ரேஸா, லெஃப்ட்ல திரும்பு, மறுபடி லெஃப்ட்ல திரும்பு, அவ்ளோதானேன்னு. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன், அவங்களுக்கு ஓவல், அதாவது முட்டை வடிவ டிராக்தான் பிடிக்கும் போல, விட்ருவோம்னு. பழைய கதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பிச்சப்புறம்தான் புரிஞ்சுது, இதுல பிடிச்சது பிடிக்காததுக்கு பெருசா வேலையே இல்லன்னு. 1904லேர்ந்து ஒரு பத்து பன்னெண்டு வருஷம் அமெரிக்காவோட பெருமையான ரேஸ் எல்லாம் ஊர் ரோட்டுலதான் நடந்துச்சு, குதிரை வண்டியும் பால் வண்டியும் போற அதே ரோட்டுல, வளைவும் பள்ளமும் ரயில்வே கேட்டுமா இருந்த ரோட்டுல. அது ஏன் நின்னு போச்சுங்குறதுக்கு எனக்குத் தெரிஞ்ச பெரிய காரணம் ஒன்னுதான், கூட்டம். வந்த கூட்டத்தை யாராலயும் கட்டுப்படுத்த முடியல.

அமெரிக்காவுல முதல் கார் ரேஸ் 1895 நவம்பர் 28, சிகாகோ. டைம்ஸ்-ஹெரால்டுங்குற பேப்பர் நடத்துன போட்டி. தேங்க்ஸ்கிவிங் நாள், ரோடெல்லாம் பனிச்சேறு. ஜாக்சன் பார்க்லேர்ந்து எவன்ஸ்டன் போய்ட்டு திரும்பி வரணும், சுமார் 54 மைல், அதாவது 87 கிலோமீட்டர். கிளம்புனது ஆறு வண்டி, முடிச்சது ரெண்டே ரெண்டு. ஃபிராங்க் டூரியே தன்னோட அண்ணன்கூட சேந்து உருவாக்குன பெட்ரோல் வண்டியில பத்து மணி நேரத்துக்கு மேல ரோட்டுல கிடந்து ஜெயிச்சாரு. ரெண்டாவதா வந்த பென்ஸ் வண்டியை ஓட்டுனவர் குளிர்ல மயங்கிட்டாரு, கூட உக்காந்து போட்டியைக் கண்காணிக்க வந்தவரே வண்டியை வாங்கி ஓட்டி முடிச்சாரு. சைக்கிள் வேகம்தான். ஆனா குதிரை இல்லாம ஒரு வண்டி பனியில அவ்ளோ தூரம் போய்ட்டு வரும்னு ஜனங்க கண்ணால பாத்தது அன்னைக்குத்தான்.

அதுக்கப்புறம் கொஞ்ச வருஷம் ரேஸ் எல்லாம் குதிரைப் பந்தய மைதானத்துலதான் நடந்துச்சு. 1901ல ஹென்றி ஃபோர்டு, அப்ப பேரு பெத்த கார் கம்பெனிக்காரர் அலெக்சாண்டர் விண்டனைத் தோற்கடிச்சது டெட்ராய்ட் பக்கத்துல கிராஸ் பாயிண்ட்ல இருந்த அந்த மாதிரி மண் ஓவல்லதான். ஊருக்கு ஊரு மைதானம் தயாரா இருந்துச்சு, வேலி இருந்துச்சு, கேட்டுல நின்னு டிக்கெட் கிழிக்க ஆள் இருந்துச்சு. இதை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

ஐரோப்பாவுல நிலைமை வேற. ஊர் விட்டு ஊர் போற ரேஸ் அங்க பெரிய விஷயம், ஆனா 1903 பாரிஸ்-மாட்ரிட் ரேஸ்ல செத்தவங்க எண்ணிக்கையைப் பாத்து அரசாங்கமே போர்டோவுல நிறுத்திடுச்சு, ரெனோ கார் கம்பெனியை ஆரம்பிச்ச அண்ணன் தம்பிகள்ல ஒருத்தரான மார்செல் ரெனோவும் அதுலதான் செத்தாரு. அதுக்கப்புறம் ரோட்டை மூடி, ஒரே சுற்றுப்பாதையில பல தடவை ஓடுற முறைதான் வழக்கமாச்சு. இதையெல்லாம் நேர்ல பாத்து வளந்த ஒரு பணக்கார அமெரிக்க வாலிபன்தான் வில்லியம் கே. வாண்டர்பில்ட் ஜூனியர். ரயில்வேல சம்பாதிச்ச அந்த பிரம்மாண்டமான குடும்பத்துப் பையன். 1904 ஜனவரியில ஃபுளோரிடா கடற்கரையில மெர்சிடிஸ் ஓட்டி மணிக்கு 92 மைல் வேகம் தொட்டவரு. அமெரிக்க கம்பெனிகளோட கார் பிரெஞ்சு, ஜெர்மன் காருக்குப் பக்கத்துலகூட நிக்கலங்குற வருத்தம் அவருக்கு. நல்ல வெளிநாட்டுக் காரை இங்க கொண்டாந்து மோத விட்டாத்தான் நம்ம ஆளுங்க கத்துப்பாங்கன்னு நெனச்சு டிஃபனி கடையில பெரிய வெள்ளிக் கோப்பை ஒன்னு செய்யச் சொல்லி, வாண்டர்பில்ட் கோப்பைன்னு பேரு வச்சு, நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்டுல ரேஸ் அறிவிச்சாரு. அப்ப அவருக்கு 26 வயசுகூட ஆகல.

லாங் ஐலண்டு அப்ப முழுக்க விவசாய பூமி. அந்தப் பகுதியோட மாவட்ட நிர்வாகம், நாசாவ் கவுண்டி, பொது ரோட்டை மூட அனுமதி குடுத்துச்சு, விவசாயிங்க கொதிச்சுட்டாங்க. விளைஞ்சதை சந்தைக்குக் கொண்டு போற ரோட்டை ஒரு பணக்காரன் விளையாட்டுக்கு எப்படி மூடலாம்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஊர் முழுக்க ஒட்டுன அறிவிப்புல காலையில 5 மணிலேர்ந்து மதியம் 3 மணி வரைக்கும் ரோட்டுக்கு வராதீங்க, நாயைக் கட்டிப் போடுங்க, கோழியை அடைச்சு வைங்கன்னு இருந்துச்சு. தூசி கிளம்பாம இருக்க ரோடு பூரா கச்சா எண்ணெய் ஊத்துனாங்க.

1904 அக்டோபர் 8. ஒரு சுத்து 30 மைலுக்குக் கொஞ்சம் மேல, மொத்தம் 10 சுத்து. ஹிக்ஸ்வில், ஹெம்ப்ஸ்டெட் ஊருக்குள்ள மட்டும் மெதுவாத்தான் போகணும், அந்த தூரத்தைக் கழிச்சா 284 மைல். பான்ஹார்ட் கார்ல ஜார்ஜ் ஹீத் ஜெயிச்சாரு. அமெரிக்கர்தான், ஆனா இருந்தது பாரிஸ்ல, ஓட்டுனது பிரெஞ்சு கார். சராசரி வேகம் மணிக்கு 52 மைல், நம்ம கணக்குல 84 கிலோமீட்டர். அன்னைக்கே ஒரு மெக்கானிக் செத்துட்டாரு. முதல் ரெண்டு பேர் முடிச்ச உடனே ஜனங்க பூரா ரோட்டுல இறங்கிட்டாங்க, பின்னாடி முழு வேகத்துல கார் வந்துக்கிட்டே இருக்கு, வேற வழியில்லாம ரேஸை அப்படியே நிறுத்துனாங்க. முதல் வருஷமே கூட்டம்தான் ரேஸை முடிச்சு வச்சுது.

அந்த மெக்கானிக்கைப் பத்தி கொஞ்சம் சொல்லணும், இந்தக் கதையில எனக்கு மனசு கனக்குறதே அவங்களை நெனச்சாத்தான். அப்பல்லாம் ரேஸ் கார்ல ரெண்டு பேர். ஒருத்தர் டிரைவர், பக்கத்துல ரைடிங் மெக்கானிக். கதவு கிடையாது, பெல்ட் கிடையாது, மேல கூரை கிடையாது. டிரைவருக்காவது பிடிச்சுக்க ஸ்டீயரிங் இருக்கு, இவருக்குக் கையில கிடைச்சதுதான் பிடிமானம். எஞ்சினுக்கு ஆயில் கையால பம்ப் பண்றது, பெட்ரோல் டேங்க்ல பிரஷர் குறையாம பாத்துக்குறது, பின்னாடி யார் வர்றான்னு திரும்பிப் பாத்து டிரைவரைத் தட்டிச் சொல்றது, வழியில டயர் போனா ரெண்டு பேருமா இறங்கி மாத்துறது, எல்லாம் இவர் வேலை. எஞ்சின் சத்தத்துல வாயால பேச முடியாது, தட்டுறதும் கை ஜாடையும்தான் பாஷை. கார் கவுந்தா டிரைவர் பொழைச்சாலும் இவர் பொழைக்கிறது கஷ்டம். கோப்பையில டிரைவர் பேரு, பேப்பர்ல டிரைவர் போட்டோ. செத்தவங்க பட்டியல்ல மட்டும் ரெண்டு பேருக்கும் சம இடம்.

1905ல பிரெஞ்சு டராக் ஜெயிச்சுது, ஓட்டுனது விக்டர் எமெரி. மூணாவதா ஜோ டிரேசி அமெரிக்க லோகோமொபீல்ல வந்தாரு, அதையே ஊர் கொண்டாடுச்சு. 1906ல கூட்டம் ரெண்டு லட்சத்தைத் தாண்டிடுச்சுன்னு சொல்றாங்க. தேர் வர்றப்ப வீதியில ரெண்டு பக்கமும் ஜனம் நெருக்கியடிச்சு நிக்கும்ல, அந்த மாதிரி நின்னுருக்காங்க, ஆனா தேர் மெதுவா வரும், இது மணிக்கு 80, 90 மைல்ல வரும். கார் வர்ற வரைக்கும் நடு ரோட்டுல நிப்பாங்களாம், கிட்ட வந்ததும் ரெண்டா பிரிஞ்சு வழி விடுவாங்களாம், கடந்து போனதும் மறுபடி சேந்துக்குவாங்களாம். அந்த ரேஸ்ல ஒரு பார்வையாளர் கார் மோதி செத்துட்டாரு. டிரேசி தன்னோட 16.2 லிட்டர் லோகோமொபீல்ல அன்னைக்கு எல்லாரையும் விட வேகமான சுத்து போட்டும் டயர் காலை வாரிவிட்டு ஜெயிக்க முடியல, மறுபடி டராக்தான், லூயி வாக்னர். 1907ல ரேஸே நடக்கல.

இங்கதான் வாண்டர்பில்ட் எடுத்த முடிவு ஒன்னு இருக்கு, ரேஸை விட பெரிய விஷயம் அதுதான்னு நான் சொல்லுவேன். பொது ரோட்டை மூடுனா சண்டை வருது, கூட்டம் வந்து விழுது, அப்ப காருக்குன்னே சொந்தமா ஒரு ரோடு போட்டுட்டா என்னன்னு யோசிச்சாரு. அதுதான் லாங் ஐலண்டு மோட்டார் பார்க்வே, 1908ல வேலை ஆரம்பிச்சுது. குதிரைக்கு இடமில்ல, மாட்டுக்கு இடமில்ல, காருக்கு மட்டுமே போட்ட ரோடு, கம்பி வச்ச கான்கிரீட், வளைவுல சாய்வு, குறுக்க வர்ற ரோடையெல்லாம் பாலம் கட்டித் தாண்டிப் போகும், நடுவுல நிக்க வேண்டியதே இல்ல. இன்னைக்கு நாம எக்ஸ்பிரஸ்வேன்னு சொல்றதோட அடிப்படை எல்லாமே அதுல இருந்துச்சு. டோல்கூட இருந்துச்சு, ஆரம்பத்துல 2 டாலர், அந்தக் காலத்துல அது சின்ன காசு இல்ல.

1908 அக்டோபர் 24 ரேஸ்ல ஒரு பகுதி இந்தப் பார்க்வேலயும் மிச்சம் பொது ரோட்டுலயுமா ஓடுச்சு, 258 மைல். அதே பழைய லோகோமொபீல், நம்பர் 16, இந்தத் தடவை ஓட்டுனது ஜார்ஜ் ராபர்ட்சன். கடைசி கட்டத்துல டயர் போயும், இறங்கி மாத்திட்டு ஏறி, ரெண்டாவதா வந்த இத்தாலி கார் இசோட்டாவை விட ரெண்டு நிமிஷத்துக்கும் குறைவான வித்தியாசத்துல ஜெயிச்சாரு. வாண்டர்பில்ட் கோப்பையை அமெரிக்க கார் ஜெயிச்சது அதுதான் முதல் தடவை. ஆனா ஒன்னை மறைக்காம சொல்லணும். அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன், அதாவது ஏஏஏ, அந்த வருஷம் ஐரோப்பாவுல எல்லாரும் ஒத்துக்கிட்ட கார் விதியை ஏத்துக்கல, அதனால ஐரோப்பிய கம்பெனி டீம் எதுவும் வரல. வந்திருந்த வெளிநாட்டுக் கார் எல்லாம் தனி ஆளுங்க கொண்டாந்தது. வெற்றி வெற்றிதான், ஆனா டராக்கும் ஃபியட்டும் கம்பெனி டீமோட நின்னுருந்தா என்ன ஆயிருக்கும்ங்குற கேள்வியும் கூடவே இருக்கு.

அந்த ஐரோப்பிய டீம்கள் எங்க போச்சுன்னா, அதே வருஷம் நவம்பர்ல ஜார்ஜியா மாநிலத்து சவானாவுக்கு. ஏஏஏவோட ஒத்துப் போகாத ஆட்டோமொபைல் கிளப் ஆஃப் அமெரிக்கா அங்க கிராண்ட் பிரைஸ்னு சொந்தமா ஒரு ரேஸ் நடத்துச்சு. 25 மைல் சுத்து, 16 தடவை, 402 மைல். ஃபியட்ல வாக்னர் ஜெயிச்சாரு, பென்ஸ்ல வந்த எமெரியை விட வெறும் 56 செகண்ட் முன்னாடி. ரெண்டு வருஷம் கழிச்சு 1910ல அதே சவானாவுல டேவிட் புரூஸ்-பிரவுன்ங்குற வாலிபன் அதே எமெரியை 1.42 செகண்ட்ல முந்துனாரு, 415 மைல் ஓடி முடிச்சு ஒன்றரை செகண்ட்கூட இல்ல வித்தியாசம். ஓட்டுறவங்க எல்லாரும் சவானா ரோட்டைப் புகழ்ந்து தள்ளுனாங்க, வழவழன்னு ஜல்லி போட்டு எண்ணெய் ஊத்தி, வளைவையெல்லாம் அழகா சாய்ச்சு, கூட்டத்தைக் கிட்ட விடாம துப்பாக்கியோட மிலிஷியா ஆளுங்களை நிறுத்தி, அமெரிக்காவுலயே ஒழுங்கா நடந்த ரோடு ரேஸ் அதுதான்னு இன்னைக்கும் எழுதுறாங்க. அந்த ரோட்டைப் போட்டது யாருன்னு கேட்டா, ஜெயில் கைதிங்க. அன்னைய ஜார்ஜியாவுல கைதிங்குறவங்கள்ல பெரும்பாலானவங்க கறுப்பின மக்கள், அற்ப காரணத்துக்கு உள்ள தள்ளி ரோட்டு வேலைக்கு அனுப்புற காலம் அது. ரேஸ் புத்தகங்கள்ல இது ஒரே வரியில வந்துட்டுப் போயிடும், ஆனா அந்த வழவழப்பான ரோடு யார் முதுகுல போட்டதுங்குறதைச் சொல்லாம சவானாவைப் புகழ எனக்கு மனசு வரல.

லாங் ஐலண்டும் சவானாவும் மட்டும் இல்ல. நியூயார்க்குக்கு வடக்க பிரையார்கிளிஃப், ஃபிலடெல்ஃபியாவுல ஃபேர்மவுண்ட் பார்க், மாசசூசெட்ஸ்ல லோவெல், இண்டியானாவுல கிரவுன் பாயிண்ட், இலினாய்ஸ்ல எல்ஜின்னு ஊருக்கு ஊரு ஒரு ரேஸ். கிரவுன் பாயிண்ட்ல 1909ல ப்யூக் ஓட்டி ஜெயிச்சது லூயி செவ்ரோலே, பின்னாடி அந்தப் பேர்லயே கார் கம்பெனி வந்துச்சு. கம்பெனிக்காரங்களுக்கு இது நல்ல விளம்பரம், பேப்பர் விளம்பரத்துல அடுத்த வாரமே ஜெயிச்ச கார் படம் வந்துடும். லோசியர், சிம்பிளெக்ஸ், ஆல்கோ, நேஷனல், மெர்சர், அப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச பேருங்க, இன்னைக்கு ஒன்னுகூட இல்ல.

ஏஏஏவோட அதிகாரம் எவ்ளோன்னா, யார் ஓட்டலாம் யார் ஓட்டக்கூடாதுன்னும் அவங்கதான் முடிவு பண்ணாங்க. ஜோன் நியூட்டன் குனியோன்னு ஒரு பெண் டிரைவர், 1909 நியூ ஆர்லியன்ஸ்ல பெரிய பெரிய ஆண் டிரைவர்களுக்கு நடுவுல அசத்துனாங்க, அதே வருஷம் பெண்கள் போட்டியில கலந்துக்கக் கூடாதுன்னு ஏஏஏ தடை போட்டுச்சு. 1910ல ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் ஜாக் ஜான்சன், கறுப்பினத்தவர், அவரோட போட்டி போட்டாருங்குற காரணத்துக்காக பிரபல ரேஸ் டிரைவர் பார்னி ஓல்டுஃபீல்டை சஸ்பெண்ட் பண்ணாங்க. விளையாட்டு வளர்ந்த கதையில இந்தக் கதவு அடைச்ச கதையும் சேந்ததுதான்.

1910 அக்டோபர், லாங் ஐலண்டுல கடைசி ரேஸ். ஆல்கோ கார்ல ஹாரி கிராண்ட் தொடர்ந்து ரெண்டாவது வருஷமா ஜெயிச்சாரு, ரெண்டாவது வந்த மார்மன் காரை விட 25 செகண்ட்தான் முன்னாடி. ரெண்டு மெக்கானிக் செத்தாங்க, ஏகப்பட்ட பேருக்குக் காயம், பேப்பர் எல்லாம் இது ரேஸா கொலைக்களமான்னு எழுதுச்சு, அதோட லாங் ஐலண்டுல ரேஸ் முடிஞ்சுது. கோப்பை மட்டும் ஊர் ஊரா அலைஞ்சுது, சவானா, மில்வாக்கி, சாண்டா மோனிகா, சான் ஃபிரான்சிஸ்கோன்னு. மில்வாக்கியில 1912ல பிராக்டீஸ்லயே செத்துப் போனாரு, அந்த 1.42 செகண்ட் புரூஸ்-பிரவுன்.

இப்ப முன்னாடி சொன்ன குதிரை மைதானத்துக்கு வாங்க. ரோடு ரேஸ்ல ஸ்டாண்டுல உக்காந்து பாக்குறவன்தான் காசு குடுப்பான், மிச்ச மைல் கணக்கா ரோட்டோரம் நிக்குற லட்சம் பேரும் ஓசி. அவனைக் காப்பாத்தவும் முடியாது, அவன்கிட்ட காசு வாங்கவும் முடியாது. 1909ல கார்ல் ஃபிஷரும் கூட்டாளிங்களும் இண்டியானாபோலிஸ்ல இரண்டரை மைல் டிராக் கட்டுனப்ப இந்த ரெண்டு தலைவலியும் ஒரே வேலியில தீந்துச்சு. அது மட்டும் சுகமா நடந்துச்சுன்னு நெனைக்காதீங்க, முதல் கார் ரேஸ்லயே ஜல்லியும் தாருமா போட்ட தரை பேத்துக்கிட்டு வந்து அஞ்சு பேர் செத்தாங்க, அதுக்கப்புறம்தான் 32 லட்சம் செங்கல் பதிச்சாங்க. 1911 மே 30 முதல் 500 மைல் ரேஸ், மார்மன்ல ரே ஹாரூன் மணிக்கு 74.6 மைல் சராசரியில ஜெயிச்சாரு. மெக்கானிக் இல்லாம தனியா ஓட்டுனாரு, பின்னாடி பாக்க ஒரு கண்ணாடியை மாட்டிக்கிட்டு. டிக்கெட் வாங்குனவன் உக்காந்த இடத்துலேர்ந்தே ரேஸ் முழுக்கப் பாக்கலாம். ரோடு ரேஸ்ல ஒரு சுத்துக்கு ஒரு தடவை, ரெண்டு செகண்ட் பாப்பான், அப்புறம் கால் மணி நேரம் தூசிதான். இதுக்கு மேல எந்த ரேஸ் நடத்துறவன் ஊர் ரோட்டைத் தேடிப் போவான்?

கலிஃபோர்னியாவுல மட்டும் இன்னும் கொஞ்ச நாள் உயிர் இருந்துச்சு. சாண்டா மோனிகாவுல ஓஷன் அவென்யூ, வில்ஷயர், சான் விசென்டேன்னு இன்னைக்கு டிராஃபிக்ல நிக்குற அதே தெருக்கள்ல 8.4 மைல் சுத்து. 1914 வாண்டர்பில்ட் கோப்பையில ரால்ஃப் டி பால்மாவும் ஓல்டுஃபீல்டும் மோதுனது இன்னைக்கும் சொல்ற கதை. மெர்சர் டீம் ஓல்டுஃபீல்டை எடுத்ததால கோவிச்சுக்கிட்டு வெளிய வந்தவரு டி பால்மா, பழைய மெர்சிடிஸ் ஒன்னை வச்சு ஓட்டுறாரு. ஓல்டுஃபீல்டு கார்ல டயர் தேயுறதைக் கவனிச்சு, தானே அடுத்த சுத்துல பிட்டுக்கு, அதாவது டயர் மாத்துற இடத்துக்கு, வரப்போற மாதிரி தன் ஆளுங்களுக்கு ஜாடை காட்டுனாரு. அதை ஓல்டுஃபீல்டும் பாத்தாரு, சரி நமக்கும் நேரம் இருக்குன்னு நம்பி டயர் மாத்த உள்ள போனாரு, டி பால்மா நிக்கவே இல்ல, நேரா போய் ஜெயிச்சுட்டாரு.

லாஸ் ஏஞ்சல்ஸுக்கு கிழக்க கொரோனான்னு ஒரு சின்ன ஊரு, ஊரைச் சுத்தி கச்சிதமா வட்டமா ஒரு ரோடு, கிராண்ட் பூலவார்டு. 1913, 1914, 1916ல அங்க ரேஸ். 1916ல பாப் பர்மன்ங்குற டிரைவரும் அவரோட மெக்கானிக்கும் செத்தாங்க, கொரோனாவுல அதோட சரி. பர்மனோட பிரெஞ்சு பிஜோ காரோட எஞ்சின் அதுக்கு முன்னாடி ஒரு தடவை உடைஞ்சப்ப, போர் நேரம்னு ஃபிரான்ஸ்லேர்ந்து சாமான் வரவழைக்க முடியாம லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஹாரி மில்லரோட பட்டறையில குடுத்து சரி பண்ணாரு. அந்த எஞ்சினைப் பிரிச்சுப் பாத்துக் கத்துக்கிட்டதுலேர்ந்துதான் மில்லர் எஞ்சின், அதுலேர்ந்து ஆஃபன்ஹவுசர், இண்டியானாபோலிஸ்ல 1970கள் வரைக்கும் ஜெயிச்ச எஞ்சின். ஓவலோட இதயம்கூட இப்படி ஒரு ரோடு ரேஸ்காரர் உடைச்சுக் கொண்டாந்த எஞ்சின்லேர்ந்து வந்ததுதான்.

1916க்கு அப்புறம் ரோடு ரேஸ் கிட்டத்தட்ட செத்துடுச்சு, எல்ஜின்ல மட்டும் அப்பப்ப நடந்துச்சு. மறுபடி உயிர் குடுத்தது கேமரன் ஆர்கெட்சிங்கர்ங்குற சட்டம் படிச்ச மாணவர். 1948 அக்டோபர் 2, நியூயார்க் மாநிலத்து வாட்கின்ஸ் கிளென் ஊர்ல 6.6 மைல் சுத்து, ரோட்டுக்குக் குறுக்க ரயில் பாதை, ரேஸுக்காக ரயிலையே நிறுத்தி வச்சாங்க. ஆல்ஃபா ரோமியோவுல ஃபிராங்க் கிரிஸ்வோல்டு ஜெயிச்சாரு. ஆனா கதை அப்படியே திரும்ப நடந்துச்சு, 1952ல ரோட்டோரம் உக்காந்திருந்த ஏழு வயசுப் பையன் கார் மோதி செத்தான், ஊருக்குள்ள ரேஸ் நின்னுச்சு. 1906ல லாங் ஐலண்டுல கத்துக்கிட்டிருக்க வேண்டிய பாடம், 46 வருஷம் கழிச்சு ஒரு குழந்தை உயிரைக் குடுத்துக் கத்துக்கிட்டாங்க, அதைப் படிச்சப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு. 1956ல பக்கத்துலயே வேலி போட்டு தனி டிராக் கட்டுனாங்க, 1961லேர்ந்து 1980 வரைக்கும் ஃபார்முலா ஒன் அங்கதான் வந்துச்சு. விஸ்கான்சின்ல எல்கார்ட் லேக்லயும் இதே கதைதான், ஊர் ரோட்டுல ரேஸ் நின்னு 1955ல ரோடு அமெரிக்கா டிராக் வந்துச்சு. பேருலயே ரோடு இருக்கு பாருங்க.

அந்த நம்பர் 16 லோகோமொபீல் இப்ப மிச்சிகன்ல ஹென்றி ஃபோர்டு மியூசியத்துல இருக்கு. வாண்டர்பில்ட்டோட பார்க்வே கடைசியில 45 மைல் வரைக்கும் நீண்டுச்சு, பக்கத்துலயே அரசாங்கம் ஓசியா பெரிய ரோடு போட்டதும் டோல் குடுக்க ஆள் இல்ல, வரி பாக்கி ஏறி 1938ல மூடிட்டாங்க. நியூயார்க் நகரத்து குயின்ஸ் பக்கம் இருந்த துண்டு மட்டும் சைக்கிள் பாதையாச்சு. கன்னிங்ஹாம் பார்க்லேர்ந்து ஆலி பாண்ட் வரைக்கும் மரத்தடியில ஜனங்க நடக்குறாங்க, பசங்க சைக்கிள் ஓட்டுறாங்க, ஓரத்துல அங்கங்க பழைய கான்கிரீட் வேலித் தூண் இன்னும் நிக்குது.